நான்காக வெட்டிய குளிசைகள்

புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வெள்ளிக்கிழமையோடு நான் இந்தக் கவுண்டரை விட்டுப் போகிறேன். ஓய்வு என்று சொல்லும் வயதில்லை, முப்பத்துநான்குதான். பதினொரு வருடம் நெல்லியடியில் இந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று மருந்து கொடுத்தேன். இனி ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. அங்கே குளிசைகள் வரும், அவற்றை விழுங்குகிறவர்கள் வரமாட்டார்கள்.

எந்த அலுமாரியில் எது, எந்த விநியோகஸ்தர் எந்த நாளில் வருவார், குளிர்பெட்டியின் கதவை எங்கே பிடித்து அழுத்தினால் மூடும் என்று நாலு பக்கத்தில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். அதெல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடும். அந்த நாலு பக்கத்துக்குள் அடங்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நான் செய்த பிழை அது. வேறு யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். முதலில் என்னிடமிருந்து கேளுங்கள்.

நான் மூன்று வருடம் பதற்றத்துக்கான குளிசை எடுத்தவள். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஒருநாள் அச்சுவேலி தாண்டியதும் நெஞ்சு அடைத்தது. சாகப்போகிறேன் என்று நினைத்து இறங்கி, தெரியாத ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அது அடிக்கடி வந்தது. கிளினிக் டொக்டர் தந்த குளிசை என்னைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேறு வழிகளால் நான் தேறியபிறகு, இனிக் குறைப்போம் என்றார். திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாக, மாதக்கணக்கில்.

குறைக்கும்போது உடம்பில் என்னென்ன வரும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஆகவே பயப்படாமல் ஒரு கொப்பி வாங்கினேன். வருவதையெல்லாம் இலக்கமிட்டு எழுதினேன். அதில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

ஒன்று. விடிய எழும்பும்போது நாக்கில் செம்புக்காசு வைத்த சுவை.
இரண்டு. மின்விசிறிச் சத்தத்துக்குள் யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார். எத்தனையில் நிற்கிறார் என்று பிடிபடவில்லை.
மூன்று. தோளில் எறும்பு. பார்த்தால் இல்லை.
நான்கு. கண்ணாடி மேசையில் தெரியும் என் கை, என் கைக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘மருந்து குறைவதால்’ என்று எழுதி ஒரு சரி போட்டேன். ஒவ்வொரு முறை குறைத்தபின்னும் பத்து நாள் இப்படி இருக்கும், பிறகு அடங்கும். அந்தச் சரி அடையாளம் எனக்குப் பெரிய ஆறுதல். மின்விசிறிக்குள் எண்ணுகிறவருக்கு ஒரு பெயர் வைத்தாயிற்று, இனி அவர் எண்ணட்டும் என்று வேலை பார்த்தேன்.

அதே குளிசையை அதே காலத்தில் குறைத்துக்கொண்டிருந்த இன்னொருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். பருத்தித்துறையைச் சேர்ந்த கடற்றொழிலாளி, வயது ஐம்பதுக்குக் கிட்ட. பெயர் வேண்டாம், அண்ணை என்றே சொல்கிறேன். எட்டு வருடமாக அதை எடுத்தவர். மருமகனின் போட்டில் தொழிலுக்குப் போவார். ஒருநாள் கடலில் வலை இழுக்கும்போது நின்றபடியே கண்ணயர்ந்து, வலைக்கு மேலே விழுந்திருக்கிறார். மருமகன் அவரைக் கரையில் இறக்கிவிட்டுச் சொன்னானாம்: “குளிசையை விட்டிட்டு வாங்கோ மாமா. பிறகு ஏறுங்கோ.”

அதற்காகத்தான் அவர் குறைத்தார். கடலுக்குப் போகாத நாளில் தான் ஒரு ஆளே இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

குளிசையை நான்காக வெட்ட வேண்டிய கட்டம் வந்தபோது ஒரு பேப்பர் சரையைக் கொண்டுவந்து கவுண்டரில் அவிழ்த்தார்.

“இதைப் பாருங்கோ தங்கச்சி. மனிசி பாக்குவெட்டியாலை வெட்டினவ. ஒண்டு கல்லு மாதிரிக் கிடக்கு, ஒண்டு மா மாதிரிக் கிடக்கு. இதிலை எதை நான் விழுங்கிறது?”

“வெத்திலையோடை சேத்துச் சப்பாமல் கொண்டு வந்தியளே, அதுவே பெரிசு.”

“சப்பினால் கெதியா விடலாமெண்டால் சொல்லுங்கோ, சப்பிறன்.”

அதன்பிறகு அவருடைய குளிசைகளை நானே வெட்டத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள். கடைசி ஒரு மணித்தியாலத்தில் கூட்டம் குறையும். பூட்டு அலுமாரியிலிருந்து டின்னை எடுத்து, வெட்டும் கருவியால் ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு உரியதை வெட்டி, ஒரு மண்ணிறப் போத்தலில் போட்டு வைப்பேன். திங்கட்கிழமை அவர் வந்ததும் அதிலிருந்து எண்ணிக் கொடுப்பேன். என்னுடைய பங்கையும் அதே போத்தலில் இருந்துதான் எடுத்தேன். அந்தப் போத்தலுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்படிச் செய்யச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை. அவருக்கு உதவி என்று நினைத்துச் செய்தேன். முழுக் குளிசைக்கு ஒரு அளவு உண்டு, கோடு உண்டு, சிலவற்றில் எழுத்து உண்டு. நான்காக வெட்டியபின் அது ஒரு வெள்ளைச் சில்லு. அதைப் பார்த்து இது இன்னது என்று சொல்ல உலகத்தில் ஒருவராலும் முடியாது. இப்போது இங்கே எதையும் முன்கூட்டி வெட்டி வைப்பதில்லை. ஏன் என்று நீங்கள் இருவரும் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்ததை முகத்தில் கண்டேன்.

ஒரு வியாழக்கிழமை எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. கடைசியாகக் குறைத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது, அடங்கிப்போயிருந்த நேரம். காலையில் ஒரு அம்மா சீட்டை நீட்டிக் கதைத்தார். அவருடைய குரல் எனக்கு முதலில் கேட்டது. அது கேட்டு முடியும் தறுவாயில் அவருடைய வாய் அசையத் தொடங்கியது. நான் சீட்டையே பார்த்துக்கொண்டு மருந்தைக் கொடுத்தேன். அன்று மத்தியானம் முதல் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பதாக இருந்தது. சத்தமில்லை, மூச்சில்லை. நிற்பது மட்டும்தான். அலுமாரிக்கும் எனக்கும் இடையில் ஒரு முழ இடம் கூட இல்லை, அதற்குள் நின்றார். கொப்பியில் ஐந்து, ஆறு என்று எழுதினேன். இரண்டுக்கும் சரி போட்டேன்.

சனிக்கிழமை பத்து மணியளவில் அண்ணை வந்தார். அது அவர் வரும் நாளல்ல. உள்ளே வந்தவர் கவுண்டருக்கு முன்னால் நிற்காமல், பக்கச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணை, சுவருக்கு முட்டுக் குடுக்கிறியளோ?”

அவர் சிரிக்கவில்லை. கடையில் நின்ற மற்ற ஆள் போகும் வரைக்கும் காத்திருந்தார்.

“தங்கச்சி, ஒண்டு கேட்டால் பகிடி பண்ணக்கூடாது.”

“கேளுங்கோ.”

“எனக்குப் பின்னாலை ஆரும் நிக்கினமோ?”

“சுவர்தான் நிக்குது.”

“அது எனக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறன்.” கையால் வாயைத் துடைத்தார். விரல்கள் நடுங்கின. “மனிசி கதைச்சால் சத்தம் முதல் வருது. பிறகுதான் வாய் ஆடுது. டிவி பழுதானால் அப்பிடி வருமெல்லே, அதுமாதிரி.”

என் கொப்பி லாச்சிக்குள் இருந்தது. லாச்சி பூட்டியிருந்தது. நான் அந்தப் பூட்டைப் பார்த்தேன். ஐந்தாம் இலக்கத்தையும் ஆறாம் இலக்கத்தையும் அவர் எனக்கு வாசித்துக் காட்டுகிறார். அந்தக் கணத்தில், எனக்குப் பின்னால் நிற்பவரும் அவருக்குப் பின்னால் நிற்பவரும் ஒரே ஆள்தானோ என்று நினைத்தேன். படித்த பெண், மருந்தாளர், அப்படித்தான் நினைத்தேன்.

“எப்ப துடங்கினது?”

“வியாழன்.”

எனக்கும் வியாழன் என்று சொல்லவில்லை. நோயாளியிடம் அதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். உண்மையில், சொன்னால் அது இன்னும் உண்மையாகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை அடக்கச் சுகமான ஒரு வழி என்னிடம் இருந்தது. ஒரே மருந்தைக் குறைப்பவர்களுக்கு ஒரே மாதிரித்தானே வரும். சரி போட்டுவிட்டேன்.

“மருந்து குறையேக்கை இப்பிடி வரும் அண்ணை. கொஞ்ச நாளிலை தணியும். தணியாட்டில் டொக்டரிட்டைப் போவம்.”

“வலுத்துப்போச்சு. முந்தி இப்பிடி வரேல்லை.”

“ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது.”

அவர் தலையாட்டினார். பிறகுதான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டார்.

“நாளைக்கு மருமகன் வரச் சொல்லியிருக்கிறான். எத்தினை மாதத்துக்குப் பிறகு கூப்பிட்டிருக்கிறான். ஏலாதெண்டால் இனிக் கூப்பிடான். போகலாமோ?”

கரையோரமாக, துணையோடு போகலாம் என்று டொக்டர் போன மாதம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

“கரையோடை நிண்டால் போகலாம்.”

அவர் சுவரை விட்டு முதுகை எடுத்துக்கொண்டு போனார். நான் போத்தலைத் திறந்து என் அன்றைய பங்கை எடுத்து விழுங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. கூட்டமில்லாததால் வழமையைவிட முந்தி, பத்து மணிக்கே வெட்டுவதற்கு உட்கார்ந்தேன். கைகள் உதறின. வெட்டுவதற்கு முன் கொப்பியை எடுத்து ஏழாம் இலக்கம் எழுதப் போனேன். எழுதாமல் மேலே உள்ளவற்றை வாசித்தேன். வியாழன் என்று என் கையெழுத்தில் இருந்தது.

அந்த வியாழனன்று, அவர் கடைசியாகக் குறைத்து ஐந்து கிழமை. நான் குறைத்துப் பதினைந்து நாள். அவருடைய அளவு வேறு, என்னுடையது வேறு. எட்டு வருடம் எடுத்த உடம்பு அது, மூன்று வருடம் எடுத்தது இது. குறைப்பதால் வந்தது என்றால் இருவருக்கும் ஏன் ஒரே நாளில் வரவேண்டும்? என் பட்டியலில் ஒவ்வொரு வரியும் சரிதான், ஆனால் அது வந்த நாளைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று யோசித்தபோது, அது கைக்கு எட்டும் தூரத்தில் மேசையில் இருந்தது.

போத்தலில் மிஞ்சியிருந்ததைத் தட்டில் கவிழ்த்தேன். நாலு சில்லுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. வேறு நாலு எடுத்தேன். மூன்றாம் தரம் விளிம்புகள் சேர்ந்து ஒரு முழு வட்டம் வந்தது. அதன் நடுவில் இரண்டு எழுத்துகள் இருந்தன.

எங்கள் குளிசையில் எழுத்துக் கிடையாது.

அது முட்டுக் குளிசை. மூச்சு இழுப்புக்குக் கொடுப்பது, எடுத்தவருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். போன ஞாயிறு எங்கள் டின்னைத் திறந்து வெட்ட உட்கார்ந்தபோது, முட்டு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தது அப்போதுதான் நினைவு வந்தது. எழும்பி முட்டுக் குளிசை டின்னைத் திறந்து எண்ணிக் கொடுத்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். இரண்டு டின்களும் மேசையில் திறந்து இருந்திருக்கின்றன. வெட்டும் நாளுக்கென்று நான் வைத்திருந்த சரிபார்ப்புத் தாளைத் தேடி எடுத்தேன். பெயர் பார்த்தேன், சரி. அளவு பார்த்தேன், சரி. காலாவதி பார்த்தேன், சரி. மூன்றும் என் கையால் போட்டவை. போட்டது எனக்கு நினைவில்லை. அன்று எனக்கு உடம்பில் ஒரு குறியும் இருக்கவில்லை, தெளிவாக இருந்த நாள் அது. இன்றைக்கும் அந்தத் தாளைப் பார்த்தால், என் கையெழுத்துத் தெரிந்த வேறொருவர் வந்து போட்டுவிட்டுப் போனது போலத்தான் இருக்கிறது.

அதாவது நாங்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமையிலிருந்து மருந்தே எடுக்கவில்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டியதை ஒரேயடியாக நிறுத்தியிருந்தோம், அதற்கு மேல் படபடப்பைக் கூட்டும் ஒன்றை விழுங்கியிருந்தோம். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். எட்டு வருடம் எடுத்தவருக்கு நிச்சயமாக வரலாம். அவர் கடலில் நின்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். பிழை தெரிந்தவுடன் முதலில் வருவது, இன்னொரு தரம் சரி பார்ப்போம் என்ற ஆசை. டின்னை எண்ணுவோம், பதிவைப் பார்ப்போம், நிச்சயமான பிறகு சொல்வோம் என்று கை தானாகப் போகும். அந்த ஆசை நேர்மை மாதிரி இருக்கும். எனக்கும் வந்தது. டின்னை எடுத்து இரண்டு பிடி எண்ணியும் விட்டேன். பிறகு வைத்துவிட்டு டொக்டருக்குப் போன் அடித்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. “ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. போத்தலையும் கொண்டு போங்கோ. நீங்களும் அங்கை காட்டுங்கோ,” என்றார்.

அண்ணையின் இலக்கத்துக்கு அடித்தேன். அவருடைய மனைவி எடுத்தார்.

“அவர் விடியவே கடலுக்குப் போயிட்டார். போன் இஞ்சை கிடக்கு. உப்புத்தண்ணி படுமெண்டு கொண்டு போறேல்லை.”

“அக்கா, கரையிலை நிக்கிற ஆரையும் ஒரு போட்டிலை அனுப்பி அவையைக் கூப்பிடச் சொல்லுங்கோ. கெதியா.”

“என்னவெண்டு சொல்லுறது? பைத்தியத்துக்குப் போட்ட விசர்க் குளிசை பிழைச்சுப்போச்செண்டோ? ஊர் முழுக்கக் கேக்கவே?”

“நான் பிழையான மருந்து குடுத்திட்டன் எண்டு சொல்லுங்கோ.”

 “ஆளை அனுப்பிறன்,” என்று மட்டும் சொல்லி அவர் வைத்தார்.

ஸ்கூட்டரின் திறப்பை, அதன் சாவியை, கையில் எடுத்தேன். நானும் அதே போத்தலிலிருந்து விழுங்கியவள். திறப்பைக் கடை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் பருத்தித்துறைக் கரைக்கு ஓட்டோ பிடித்தேன். அன்று முழுவதும் நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஓட்டோக்காரர் முன்கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். குரல் வந்து முடிந்தது. பிறகு கண்ணாடிக்குள் உதடுகள் அசைந்தன. “ஓம்,” என்றேன். என்ன கேட்டார் என்று தெரியாது.

கரையில் வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. மனைவி கடலைப் பார்த்து நின்றார். தேடிப் போன போட் அப்போதுதான் புள்ளியாகத் தெரிந்தது. அதற்கு இப்பால், பக்கமாக, இன்னொரு போட் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் கேட்டது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியது. நேராகக் கரைக்குத்தான் வந்தது. அதில் ஒருவரும் இல்லை.

கண்ணை மூடித் திறந்தேன். நீல விளிம்பு தெரிந்தது, குவிந்த வலை தெரிந்தது, ஆள் இல்லை. நாலு நாளாக இல்லாதவர்கள் எனக்குத் தெரிந்தார்கள், இப்போது இருப்பவர்கள் தெரியவில்லை என்று நினைத்தேன். உன் கண்ணை நம்பாதே, பக்கத்தில் நிற்பவரைக் கேள் என்று எனக்கே சொன்னேன்.

“அக்கா, அந்தப் போட்டிலை ஆக்கள் நிக்கினமோ?”

அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். நேரம் எடுத்தார்.

“ஒருத்தரையும் காணேல்லை,” என்றார்.

அவருடைய குரலும் வாயும் ஒன்றாகவே வந்தன. அந்த வருடம் நான் கேட்ட எல்லாவற்றிலும் என்னை உறைய வைத்தது அந்த ஒரு வசனம்தான்.

போட் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தபோது விளிம்புக்கு மேலே ஒரு தலை எழும்பியது. மருமகன். முழங்காலில் குந்தியிருந்து, ஒரு கையால் எஞ்சின் பிடியையும் மற்றக் கையால் மாமாவின் தலையையும் பிடித்தபடி, அவ்வளவு தூரம் வந்திருக்கிறான். வலை இழுக்கும்போது உடம்பு முறுக்கி, வெளிப்பக்கம் சரிந்தவரை உடுத்திருந்த சேட்டில் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறான். சேட் தோளோடு கிழிந்திருந்தது. அண்ணையின் கடைவாயில் இரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் ஒருவரையும் அறியவில்லை. நான் குனிந்து கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலால் பார்த்தார்.

“உது ஆர், உங்களுக்குப் பின்னாலை?” என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே கரையில் கதை தொடங்கிவிட்டது. கடலில் எதையோ கண்டு பயந்திட்டார் என்றார் ஒருவர். எட்டு வருடம் விசர்க் குளிசை போட்டவருக்கு வேறென்ன வரும் என்றார் இன்னொருவர். மருமகன் கிழிந்த சேட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமியிடம் சொன்னான்: “இனி நான் மாமாவை ஏத்தமாட்டன். கேக்கவும் வேண்டாம்.”

ஆஸ்பத்திரி விடுதியில் இளம் டொக்டர் ஒருவர் சீட்டைப் புரட்டிப் பார்த்து, பழைய நோய் வருத்தம் திரும்பியிருக்கிறது, இவர் குறைத்திருக்கவே கூடாது என்று எழுதத் தொடங்கினார். எழுதி முடித்திருந்தால் அண்ணை ஆயுள் முழுக்கக் குளிசையோடு, ஆயுள் முழுக்கக் கரையில். நான் போத்தலை அவருடைய மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதியதை வெட்டினார். சரியான மருந்து, முந்தைய அளவில், இருவருக்கும் அன்றே தொடங்கியது. எனக்குப் பின்னால் நின்றவர் நாலாம் நாள் போய்விட்டார். அண்ணைக்கு ஒரு கிழமை எடுத்தது.

முதலாளி கெட்டவரல்ல. உரிய இடத்துக்கு நானே அறிவித்தேன், அவர் தடுக்கவில்லை. பூட்டு அலுமாரியின் திறப்பை என்னிடமிருந்து வாங்கினார். எட்டு மாதம் அது என் கைக்கு வரவில்லை, அது நியாயம். ஒன்று மட்டும் சொன்னார்: “போய் மன்னிப்புக் கேளுங்கோ. பழம் வாங்கிக்கொண்டு போங்கோ. எழுத்திலை மட்டும் ஒண்டும் குடுத்திடாதேங்கோ பிள்ளை. நாளைக்கு அது கோட்டு வழக்கிலை வந்து நிக்கும்.”

மன்னிப்புக் கேட்டேன். அண்ணை கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாதவர் போலத்தான் இருந்தது.

இரண்டு மாதம் போனபின் ஒரு காலை அவர் கடைக்கு வந்தார். கவுண்டருக்கு நேர் முன்னால் நின்றார். வெளியே மருமகன் மோட்டார் சைக்கிளில், எஞ்சினை நிறுத்தாமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தான்.

“டொக்டர் கடலுக்குப் போகலாமெண்டு எழுதித் துண்டு தந்திட்டார்,” என்றார். “உவன்தான் விடுறானில்லை. அண்டைக்குத் தன்ரை கையிலை துடிச்சது வருத்தமோ மருந்தோ எண்டு ஆருக்குத் தெரியும் எண்டு கேக்கிறான். நான் மருந்தெண்டு சொன்னால், விசரன் வேறென்ன சொல்லுவான் எண்டு சிரிக்கிறாங்கள்.”

“நான் வந்து சொல்லட்டோ?”

“நீங்கள் சொல்லிப்போட்டுப் போயிடுவியள். அடுத்த கிழமை பழையபடி கதைப்பாங்கள். எழுதித் தாங்கோ.”

முதலாளி உள்ளே இருந்தார். கதவு திறந்திருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும், ஆனால் அவர் வெளியே வரவில்லை.

ஒரு தாளை எடுத்தேன். நல்லாக யோசித்து, நிதானமாக எழுதினேன். வழங்கப்பட்ட மருந்தில் மாற்றம் ஏற்பட்டதன் காரணமாக இவருக்கு வலிப்பு உண்டானது, இது இவருடைய நோயின் விளைவு அல்ல. கீழே கையெழுத்து, பெயர், பதிவிலக்கம். பொய் ஒன்றும் இல்லை. கொடுத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்தார்.

“இதிலை உங்களைக் காணேல்லையே, தங்கச்சி.”

“கீழை கையெழுத்து இருக்கண்ணை.”

“கீழை இருக்கிறியள். நடந்த இடத்திலை இல்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டில் ஒரு வரி விட்டுப்போனதைக் காட்டுவது மாதிரித்தான் சொன்னார். நான் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்து எழுதினேன்.

நான் இவருடைய குளிசைகளை வெட்டினேன். வெட்டும்போது பிழையான டின்னிலிருந்து எடுத்தேன். அதை இவருக்குக் கொடுத்தேன். அதனால் இவருக்கு வலிப்பு வந்தது. வலிப்பு வந்ததற்கு முதல் நாள் இவர் வந்து, உடம்பு சரியில்லை என்று சொல்லி, கடலுக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்று சொன்னதும் நான்.

கடைசி இரண்டு வரிகளை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவை அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு முடித்தார். தாளை மடித்து, தொழிலுக்குப் போகும்போது அடையாள அட்டை வைக்கும் பொலித்தீன் உறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவர் உறையை நீட்டினார். மருமகன் வாங்கவில்லை. அவர் நீட்டியபடியே நின்றார். பிறகு அவன் வாங்கித் தாளை விரித்து, ஹெல்மெட்டோடு குனிந்து வாசித்தான். நீண்ட நேரம் வாசித்தான். தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்கூடாக என்னைப் பார்த்தான். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். தாளை மடித்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் சீற்றில் முன்னுக்கு நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.